வரை

அஜந்தா சிக்னலில் ஏறினால்
முத்தியால்பேட்டை முடியும்மட்டும் புதுவை.
கோட்டக்குப்பம் வந்ததும் தமிழ்நாடு.
பொம்மையார்பாளையம் தாண்டி, காலாப்பட்டில்
மறுபடி புதுவை.
தினமும் அரைமணி நேரம்
கம்பியைப் பிடித்து நின்றபடியே
இரண்டு எல்லை கடப்பவளுக்கு
எட்டாம் பருவத்தில் விருப்பப் பாடம்:
சுப்ராநேஷனல் லா.
விருப்பம் என்பது பெயருக்குத்தான்.
வரிச்சட்ட வகுப்பு நிரம்பிவிட்டது.

முதல் நாள் நோட்டில்
தலைப்புக்குத் தமிழ் தேடினேன்.
நாடுமீறிய சட்டம்:
எழுதும்போதே ஃபைன் கட்டச் சொன்னது.
நாடுகடந்த சட்டம்:
யாரையோ நாடுகடத்தியதுபோல் இருந்தது.
நாட்டுக்கு மேல் என்று எழுதி
மேலே யார் என்று பென்சிலில் கேட்டுவைத்தேன்.
மேலே ஒருத்தரும் இல்லை,
சேர்ந்து போட்ட கையெழுத்துகள்தான் என்றார்
மரகதவல்லி மேடம்,
மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டாத குரலில்.

மிலான் நகரத்து வக்கீல் ஒருவர்
இரண்டாயிரம் லிராகூடத் தேறாத
கரண்ட் பில்லைக் கட்ட மறுத்தாராம்.
அந்தத் துண்டுச்சீட்டு லக்சம்பர்க் வரை போய்
சொந்த நாட்டுச் சட்டத்தைவிட
சேர்ந்து செய்த ஒப்பந்தம் பெரிது என்று
நீதிபதிகளைச் சொல்லவைத்தது.
பில்லைக் கடைசியில் யார் கட்டினார்கள்
என்று பாடநூலில் இல்லை.
அன்று சாயங்காலம்
வைத்திக்குப்பத்தில் எங்கள் மீட்டர் பெட்டியில்
செருகியிருந்த சீட்டை
முதல்முறையாக முழுக்கப் படித்தேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
கட்டிவிட்டேன்.

எட்டாவது வாரம் வந்த தீர்ப்பின் பெயர்
சொலாஞ்ஜ்.
வகுப்பே திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது.
சொலாஞ்ஜ் பாக்கியமேரி,
அறுபத்திரண்டில் தாத்தா போட்ட கையெழுத்தால்
பிரெஞ்சுக் குடிமகள்,
பேனா மூடியைக் கடித்தபடி சிவந்தாள்.
ஜெர்மன்காரர்கள் ஸோலாங்கெ என்பார்களாம்.
ஆள் பெயரே இல்லை, வெறும் இடைச்சொல்.
உரிமைகளை அங்கே காக்காத வரை
இங்கே நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று
முதலில் ஒரு தீர்ப்பு.
பன்னிரண்டு வருடம் கழித்து
அங்கே காக்கிற வரை
நாங்கள் பார்க்கமாட்டோம் என்று இன்னொன்று.
சாத்தவும் திறக்கவும் ஒரே தாழ்ப்பாள்.

ஓரத்தில் எழுதினேன்: வரை.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
எல்லைக்கும் பெயர் வரை.
கோடு போடு என்றாலும் வரை.
நோட்டைத் தள்ளினேன் மூன்றாவது பெஞ்சுக்கு.
"என் பேருக்குள்ள இவ்ளோவா?"
அன்று சமோசா அவள் கணக்கு.

தம்பி முகிலரசன் வலையை
வடக்குக் கரைக்காரர்கள் பிடித்துவைத்துத் தந்த இரவு
"உன் படிப்புல கடல் இருக்கா?" என்றான்.
இருக்கிறது, ஒன்பதாம் அத்தியாயம்.
இருபத்தேழு நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்து
வலைக்கண்ணின் அளவை
மில்லிமீட்டரில் எழுதுகின்றன.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
இரண்டு விரலைக் கண்ணிக்குள் விட்டு விரித்து
"இது எத்தினி?" என்றான்.
ஸ்கேல் எடுத்து வந்து அளந்தேன்.
ஈரமும் செதிலும் ஒட்டிக்கொண்டன,
எண் சரியாகத் தெரியவில்லை.
"அந்த மேசைல
கடலுக்குப் போறவன் எவனாச்சும் குந்திருக்கானா?"

இதே கேள்வி பாடத்தில்
ஜனநாயகப் பற்றாக்குறை என்ற தலைப்பில் வரும்.
பத்து மதிப்பெண்.
தேர்வில் வந்தது. நான்கு பக்கம் எழுதினேன்.
அவன் கேட்டதை எழுத இடம் இருந்தது,
எழுதவில்லை.

ஜூன் ஞாயிறு, காற்றே இல்லை.
பார்த்திராத பாராளுமன்றம் ஒன்றுக்கு ஓட்டுப் போட
சொலாஞ்ஜ் வரிசையில் நின்றாள்.
எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில்
இரண்டு நன்னாரி சர்பத்தோடு நான்.
வெளியே வந்து விரலை நீட்டினாள்.
மை இல்லை.
"அங்க வைக்க மாட்டாங்க. நம்பிடுவாங்க."

எதுவரை என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் சர்பத்தில் ஐஸ் முக்கால்வாசி கரைந்திருந்தது.
முதலில் குடி என்றேன்.